காய்ச்சல் தணிந்த காலை

காலை ஆறு மணி. நான்கு நாளாக அனலாய்க் கொதித்த மகளின் நெற்றியில் தாய் கை வைத்துப் பார்க்கிறார். சூடு தெரியவில்லை. வெப்பமானி 37.2 பாகை செல்சியஸ் காட்டுகிறது. “காய்ச்சல் விட்டுடுச்சுங்க” என்று அவர் குரல் கொடுக்கிறார். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த தந்தையின் முகம் மலர்கிறது. பாட்டி சாமி மேடையில் விளக்கேற்றிவிட்டு வந்து பேத்தியின் நெற்றியில் திருநீறு பூசுகிறார். இரண்டாம் படிவத்தில் படிக்கும் அந்தப் பெண் மட்டும் எழுந்து உட்காரவில்லை. “வயிறு வலிக்குதும்மா” என்கிறாள். “நாலு நாளா ஒன்னும் சாப்பிடல இல்ல, அதான். கஞ்சி வைக்கிறேன். குடிச்சிட்டுப் படு, சரியாயிடும்” என்கிறார் தாய்.

இப்படி ஒரு காலை மலேசியாவில் எந்த வீட்டிலும் விடியலாம். அந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை, கவனிப்புக்கும் குறைவில்லை. காய்ச்சல் தணிந்தால் நோய் தணிந்தது என்பது தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் இருந்துவரும் பட்டறிவு. சளிக்காய்ச்சலுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். டிங்கிக் காய்ச்சலுக்குத்தான் பொருந்தாது. டிங்கியில் உடல்சூடு இறங்கும் வேளையே ஆபத்து தொடங்கக்கூடிய வேளை. இந்த ஒரு செய்தி தெரிந்த வீட்டுக்கும் தெரியாத வீட்டுக்கும் இடையே உள்ள தூரம் சில வேளைகளில் ஓர் உயிரின் அளவு.

டிங்கி இந்நாட்டுக்குப் புதிய விருந்தாளி அன்று. 1902ஆம் ஆண்டிலேயே பினாங்கில் இந்நோய் கண்டறியப்பட்டதாக மருத்துவப் பதிவு உண்டு. இரத்தக்கசிவோடு கூடிய அதன் கடுமையான வடிவமும் 1962இல் பினாங்கில்தான் முதன்முதலாகப் பதிவானது. அதன்பின் நகரங்கள் பெருகின, அடுக்குமாடிகள் எழுந்தன, கட்டுமானத் தளங்கள் கூடின. டிங்கியும் கூடவே வளர்ந்தது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 130,000க்கும் மேற்பட்டோருக்கு டிங்கி கண்டது. 182 பேர் உயிரிழந்தனர். மறு ஆண்டு, தூய்மைக்குப் பெயர்போன சிங்கப்பூரிலேயே 35,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். 182 குடும்பங்கள் ஒருவரை இழந்தன என்பது ஒன்று. நோய் கண்ட ஆயிரம் பேரில் 998க்கும் மேற்பட்டோர் பிழைத்தனர் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை. டிங்கி என்றதும் நடுங்க வேண்டியதில்லை. அலட்சியமாகவும் இருக்க முடியாது. நோய் கடுமையானாலும், உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைந்து தகுந்த சிகிச்சை பெற்றால் இறப்பு விகிதம் 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த ‘உரிய நேரம்’ எது என்பதுதான் கேள்வி. அதை முதலில் கண்டுகொள்ள வேண்டியவர் மருத்துவர் அல்லர்; வீட்டில் நோயாளியின் அருகில் இருப்பவர்.

டிங்கி மூன்று கட்டங்களாக நடக்கும். முதலாவது காய்ச்சல் கட்டம். திடீரெனக் கடும் காய்ச்சல் அடிக்கும். கண்ணுக்குப் பின்னால் வலிக்கும். தலை, மூட்டு, தசை எல்லாம் முறித்துப் போட்டாற்போல் இருக்கும். சாப்பாட்டைக் கண்டாலே குமட்டும். இது இரண்டு முதல் ஏழு நாள் வரை நீடிக்கும். பார்ப்பவர்களுக்கு இதுவே கொடுமையான கட்டமாகத் தோன்றும். உண்மையில், துன்பம் மிகுந்த கட்டம் இதுதான். ஆபத்து மிகுந்த கட்டம் இதுவன்று.

பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். பெரும்பான்மையோர் அப்படியே தேறிவிடுவர். சிலருக்கு மட்டும் அப்போது இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. நம் இரத்தக் குழாய்களைத் தோட்டத்தில் நீர் பாய்ச்சும் குழாய்போல் எண்ணிக்கொள்ளலாம். டிங்கிக் கிருமிக்கு எதிராக உடல் நடத்தும் போரில் அக்குழாய்களின் சுவர்கள் தளர்ந்து, கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் உண்டாகின்றன. இரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதியான பிளாஸ்மா அவற்றின் வழியே வெளியே கசிகிறது. அது வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. வெளியே ஒரு துளி இரத்தமும் சிந்தாமலே, உள்ளே இரத்த ஓட்டம் வற்றிக்கொண்டே போகிறது. குழாய்க்குள் மிஞ்சிய இரத்தம் கெட்டியாகிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும்.

இக்கட்டத்தில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. இரத்த அழுத்தம் சரியும் நிலையை நெருங்கிவிட்ட நோயாளிகூடத் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். “எப்படி இருக்கு?” என்று கேட்டால், “பரவால்ல” என்பார். உடல்சூடும் இல்லை, பேச்சும் தெளிவு. வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். உள்ளங்கையையும் பாதத்தையும் தொட்டுப் பார்த்தால்தான் அவை சில்லிட்டுப் போயிருப்பது தெரியும். 

அதனால்தான் மருத்துவர்கள் சில அறிகுறிகளைத் தனியே பிரித்து ‘எச்சரிக்கை அறிகுறிகள்’ என்று பெயரிட்டுள்ளனர். விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மூச்சுத் திணறல், எழுந்து நடக்க முடியாத அளவுக்குச் சோர்வு அல்லது காரணமில்லாத பரபரப்பு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நான்கிலிருந்து ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் இருப்பதும் கவலைக்குரியது. உடலில் நீர் குறைகிறது என்பதைச் சிறுநீர்தான் முதலில் சொல்லும். நாளை காலை வரை பொறுத்துப் பார்க்கலாம் என்பதற்கு இங்கே இடமில்லை.

அந்தப் பெண்ணின் வயிற்று வலி பசியால் வந்ததாகவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வீட்டிலிருந்தபடியே அதைப் பிரித்தறிய எவராலும் முடியாது.

முந்தைய நாள்களில் அந்த வீட்டில் வேறொன்றும் நடந்திருந்தது. இரண்டாம் நாள் இரவு பேத்தி உடல்வலியால் முனகியபோது, பாட்டி தம் மூட்டு வலி மாத்திரையில் பாதியைக் கிள்ளிக் கொடுக்க வந்தார். “இதைப் போட்டா எனக்கு அரை மணி நேரத்துல வலி பறந்துடும்” என்பது அவருடைய அனுபவம். நல்லவேளையாக, முதல் நாளே பார்த்த மருத்துவர் தாயிடம் ஒரு சொல் சொல்லி அனுப்பியிருந்தார்: “பாரசிட்டமோலைத் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்காதீர்கள்.” காரணத்தைச் சொல்ல அவருக்கு நேரமில்லை. பாட்டியின் மனம் சற்று வருந்தியது.

காரணம் இதுதான். இரத்தத்தில் தட்டணுக்கள் என்னும் நுண்ணிய துகள்கள் உள்ளன. குழாயில் கீறல் விழுந்தால் ஓடிவந்து அடைப்பவை அவை. உடல்நலம் உள்ளவரிடம் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 150,000 முதல் 450,000 வரை இவை இருக்கும். டிங்கி இவற்றின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன், டைக்லோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள், எஞ்சியிருக்கும் தட்டணுக்களையும் வேலை செய்ய விடாமல் தடுக்கும். இரைப்பையின் உட்சுவரையும் புண்ணாக்கும். ஆஸ்பிரினால் செயலிழந்த தட்டணு, அது உடலில் வாழும் ஏறக்குறைய பத்து நாளும் செயலிழந்தேதான் இருக்கும். பாட்டியின் மூட்டுக்கு நன்மை செய்த மாத்திரை பேத்தியின் வயிற்றுக்குள் இரத்தக்கசிவை உண்டாக்கியிருக்கலாம். (இதயநோய்க்காக நாள்தோறும் ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாகவே நிறுத்திவிடவும் கூடாது. அவர்களுக்குக் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்ல வேண்டும்.)

பாரசிட்டமோலுக்கும் அளவு உண்டு. காய்ச்சல் இறங்கவில்லை என்று இரண்டு மணிக்கு ஒரு முறை கொடுப்பது கல்லீரலைக் கெடுக்கும். டிங்கியே கல்லீரலைத் தாக்கும் நோய்தான். பெரியவர்களானாலும் ஒரு நாளில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் போகக்கூடாது. சிறுவர்களுக்கு எடைக்கேற்ப மருத்துவர் சொல்லும் அளவே அளவு. கடையில் வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமோல் கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பவர்கள் தெரியாமலேயே இருமடங்கு கொடுக்கிறார்கள். பெட்டியின் மேல் உள்ள சிறிய எழுத்துகளைப் படிக்க அரை நிமிடம் போதும்.

தட்டணு என்ற சொல் வந்ததும் பலருக்கும் பப்பாளி இலைச் சாறு நினைவுக்கு வரும். டிங்கி பரவும் காலங்களில் புலனத்தில் மிகுதியாகச் சுற்றும் செய்தி இதுவாகத்தான் இருக்கும். இதை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. மலேசியாவிலேயே ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். சாறு பருகியவர்களின் தட்டணு எண்ணிக்கை சற்று வேகமாகக் கூடியதைக் கண்டவர்களும் உண்டு. ஆனால், டிங்கியில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவன்று, பிளாஸ்மாக் கசிவு. தட்டணு ஏறியதால் கசிவு நின்றுவிடும் என்பதற்குச் சான்றில்லை. 

இதை இன்னும் தெளிவாகக் காட்டியது 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு. சிங்கப்பூரையும் மலேசியாவையும் சேர்ந்த மருத்துவமனைகளில் டிங்கி கண்டு, தட்டணு மிகவும் குறைந்து, ஆனால் இரத்தக்கசிவு இல்லாதிருந்த 372 பெரியவர்களை மருத்துவர்கள் இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணுக்களையே ஏற்றினர். மறு பிரிவினருக்கு ஏற்றவில்லை. மற்றக் கவனிப்பு எல்லாம் ஒன்றே. முடிவில், தட்டணு ஏற்றப்பட்டவர்களுக்கு இரத்தக்கசிவு குறையவில்லை. பக்க விளைவுகள்தாம் கூடின. இரத்தத்தில் நேரடியாக ஏற்றிய தட்டணுவே காப்பாற்றவில்லை என்றால், தட்டணு எண்ணை மட்டும் பார்த்து மகிழ்வதிலும் அழுவதிலும் பொருளில்லை. கசப்பான சாற்றைக் குடித்துவிட்டு, ‘மருந்து கொடுத்தாயிற்று’ என்று வீட்டிலேயே காத்திருப்பதுதான் உண்மையான தீங்கு. அதுவும் ஏற்கெனவே வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு அச்சாறு மேலும் வாந்தியையே தரும்.

டிங்கிக் கிருமியை நேரடியாகக் கொல்லும் மருந்து மருத்துவமனைகளில் வழக்கத்தில் இல்லை. அப்படியானால் மருத்துவமனையில் என்னதான் செய்கிறார்கள்? நீர் ஏற்றுகிறார்கள். கேட்க மிக எளிதாக இருக்கும்; செய்வதற்கு எளிதன்று. கசிவு நடக்கும்போது குறைவாக ஏற்றினால் இரத்த ஓட்டம் வற்றிவிடும். கசிவு நின்றபின், வெளியேறிய நீரெல்லாம் தானாகவே குழாய்களுக்குள் திரும்பும். அப்போதும் ஏற்றிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆகவேதான் சில மணி நேரத்துக்கொரு முறை இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். “எத்தனை முறைதான் ஊசி குத்துவாங்க” என்று உறவினர்கள் சலித்துக்கொள்வது உண்டு. இரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பதை அறிந்தால்தான் அடுத்த மணி நேரத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று முடிவெடுக்க முடியும். 

வீட்டில் இருக்கும் நோயாளிக்கும் இதே அடிப்படைதான். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதைவிட, உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீரேற்றுக் கரைசல், இளநீர், பழச்சாறு, உப்பிட்ட கஞ்சி எனச் சிறிது சிறிதாக நாள் முழுவதும் பருகுவது நல்லது. 

டிங்கி ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பது பலரது நம்பிக்கை. அம்மைநோயைப் பார்த்துப் பழகியவர்கள் அப்படி எண்ணுவது இயல்பே. டிங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒரு வகை தாக்கினால், அந்த வகையிடமிருந்து வாழ்நாள் முழுவதும் பாதுகாப்புக் கிடைக்கும். மற்ற மூன்றிடமிருந்து சில மாதங்களுக்கு மட்டுமே. அதற்குப்பின் வேறொரு வகை தாக்கும்போது விந்தையான ஒன்று நிகழக்கூடும். முதல் தாக்குதலில் உருவான எதிர்ப்பொருள்கள் புதிய கிருமியை அழிக்க மாட்டா. மாறாக, அதைப் பற்றிக்கொண்டு உயிரணுக்களுக்குள் நுழைய வழிகாட்டிவிடும். பழைய திருடனைப் பிடிக்க வைத்த காவலாளி புதிய திருடனுக்குக் கதவு திறந்துவிடுவதுபோல. அதனால், இரண்டாம் முறை வரும் டிங்கி கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். “எனக்கு ஏற்கெனவே டிங்கி வந்திருக்கு” என்பது துணிச்சலோடு சொல்லிக்கொள்ளும் பெருமையன்று; மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டிய செய்தி.

இனி, கொசுவைப் பற்றி. கறுப்பு உடலும் வெள்ளை வரியிட்ட கால்களும் கொண்ட ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. குறிப்பாகக் காலை வேளையிலும் மாலை மங்கும் முன்னரும். இரவில் மட்டும் கொசுவலை கட்டுவது இதற்குப் போதாது. கடிப்பது பெண் கொசு மட்டுமே. அது ஒரே ஆளிடம் வயிறு நிரம்பக் குடிப்பதில்லை. சற்றே அசைந்தாலும் பறந்து அடுத்தவரிடம் போய்விடும். ஒரே வீட்டில் அடுத்தடுத்து இருவர் மூவருக்கு டிங்கி காண்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. இன்னொரு செய்தியைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை: நோயாளியைக் கடிக்கும் கொசுதான் கிருமியை வாங்கிச் செல்கிறது. ஆகவே, காய்ச்சலில் படுத்திருப்பவரையே முதலில் கொசுக்கடியிலிருந்து காக்க வேண்டும். அவருக்குப் பகலிலும் கொசுவலை தேவை.

ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தெளிந்து தேங்கிய நீரே அதற்குப் பிடித்த இடம். ஒரு போத்தல் மூடியில் நிற்கும் நீர்கூடப் போதும். பூச்சாடி, குளிர்பதனப் பெட்டியின் பின்னுள்ள தட்டு, கூரையின் நீர்க்கால், பயன்படுத்தாத கழிவறைத் தொட்டி எல்லாம் அதற்கு வீடு. நம் வீடுகளுக்கே உரிய இடங்களும் சில உண்டு. மின்னரைப்பான் வந்தபின் கொல்லைப்புறத்தில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, துளசி மாடத்தின் அடித்தட்டு, திருவிழா முடிந்து வாசலோரம் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றைச் சோதனைக்கு வரும் சுகாதார அதிகாரி கண்டுபிடிப்பார்; வீட்டார் கண்ணுக்கு மட்டும் அவை தெரியா.

கொசு தன் முட்டைகளை நீருக்குள் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் ஒட்டிவைக்கும். நீரைக் கொட்டிவிட்டால் முட்டை சாகாது. பல மாதம் காய்ந்து கிடந்தாலும், மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். அதனால், பாத்திரத்தைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்தும் கழுவ வேண்டும். முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் ஆகும். ‘வாரத்துக்கு 10 நிமிடம் ஒதுக்குங்கள்’ என்று சுகாதார அமைச்சு சொல்வதன் கணக்கு இப்போது விளங்கும். வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவினால் எந்தப் புழுவுக்கும் இறகு முளைக்க நேரம் கிடைக்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செய்தால், செய்த வேலை வீண். 

அக்கம்பக்கத்தில் டிங்கி கண்டால் புகைமருந்து அடிக்க ஆள் வருவார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் வீடுகளில் கதவையும் சன்னலையும் இழுத்துச் சாத்துவது வழக்கம். ஏடிஸ் கொசு இளைப்பாறுவதோ வீட்டுக்குள், அலமாரிக்குப் பின்னும் தொங்கும் துணிகளுக்கு நடுவிலும். புகை வெளியே, கொசு உள்ளே! உணவையும் நீரையும் மூடிவைத்து, சன்னல்களைத் திறந்துவைத்து, வீட்டார் சற்று நேரம் வெளியே நிற்பதுதான் முறை. அப்படிச் செய்தாலும் புகை, பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். நீரில் நெளியும் புழுவை அது தொடாது.

ஒரு நோய் எப்படிப் பரவுகிறது என்பது தெரியாவிட்டால் எவ்வளவு உழைத்தாலும் பயனில்லை என்பதை மலேசியா ஒருமுறை மிகக் கசப்பாகக் கற்றது. 1998ஆம் ஆண்டின் இறுதியில் பேராக்கிலும், பின்னர் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதப்பட்டது. புகைமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். தடுப்பூசி போட்டவர்களும் நோயில் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இதுவோ பன்றிகளோடு நெருங்கிப் பழகிய பெரியவர்களைத் தாக்கியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் இது முற்றிலும் புதிய கிருமி என்பதைக் கண்டார். சுங்கை நிப்பா என்னும் கிராமத்தின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. பன்றிகளிடமிருந்து பரவுவது உறுதியானபின் ஏறக்குறைய 10 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன, நோய் அடங்கியது. அதற்குள் 100க்கும் மேற்பட்ட உயிர்கள் போய்விட்டன. அங்கே அறிவியலுக்கே அந்த நோய் தெரிந்திருக்கவில்லை. டிங்கியின் நிலை வேறு. தெரிய வேண்டியவை பெரும்பாலும் தெரிந்துவிட்டன. அவை வீடுவரை வந்து சேராததுதான் குறை.

சேராததற்குக் காரணம் செய்தியின் பஞ்சமன்று, பெருக்கம். காலையில் ஒரு புலனச் செய்தி, மாலையில் அதற்கு நேர்மாறாக இன்னொன்று. ‘ஒரு பெரிய மருத்துவர் சொன்னார்’ என்று தொடங்கும். எந்த மருத்துவர் என்று சொல்லாது. எப்போது எழுதியது என்று இருக்காது. ‘உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்’ என்று முடியும். நல்ல மருத்துவக் குறிப்பு எதுவும் அப்படி முடிவதில்லை. சுகாதார அமைச்சின் தளத்திலோ, அருகிலுள்ள அரசாங்க சுகாதார நிலையத்தின் அறிவிப்புப் பலகையிலோ சரிபார்த்த பிறகு பகிர்வதால் யாருக்கும் நட்டமில்லை. 

நோயைப் பற்றித் தெரிந்துகொள்வது மருத்துவரின் வேலையை நாமே செய்வதற்காக அன்று. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்; அரைகுறையாகப் படித்துவிட்டு, “எனக்கு இன்ன நோய், இன்ன மருந்து எழுதிக் கொடுங்கள்” என்று கேட்பவர்களும் பெருகிவருகிறார்கள். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். “ரெண்டு மூணு நாளா காய்ச்சல், டாக்டர்” என்பவரிடம் அந்த நிமிடங்கள் கேள்விகளிலேயே கழிந்துவிடும். “திங்கட்கிழமை மாலை காய்ச்சல் தொடங்கியது. இன்று நான்காம் நாள். பாரசிட்டமோல் மட்டும் கொடுத்தோம். நேற்றிரவு பத்து மணிக்குப் பிறகு சிறுநீர் போகவில்லை. எங்கள் தெருவில் இருவருக்கு டிங்கி” என்பவரிடம் சிகிச்சை உடனே தொடங்கிவிடும். நாள்கணக்கு இங்கே மிக முக்கியம். டிங்கியை விரைவாகக் காட்டும் இரத்தச் சோதனை முதல் சில நாள்களில்தான் நன்றாகப் பிடிக்கும். அதில் ‘இல்லை’ என்று வந்தாலும் டிங்கி இல்லவே இல்லை என்று உறுதியாகிவிடாது.

அந்தப் பெண்ணுக்கு ஓர் அண்ணன் உண்டு; ஐந்தாம் படிவ மாணவன். மூன்றாம் நாள் இரத்தச் சோதனைக்குத் தாயோடு கிளினிக்குக்குப் போனவன் அவன்தான். அங்கே ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் ஒவ்வொரு நாளும் எடுத்த இரத்தக் கணக்கை எழுதக் கட்டங்கள். மறுபக்கம் எச்சரிக்கை அறிகுறிகள். அவன் அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்திருந்தான். கஞ்சிக்கு அரிசி எடுக்கத் தாய் எழுந்த நேரத்தில், தண்ணீர் குடிக்க வந்தவன் கண்ணில் அது பட்டது. 

“அம்மா, தங்கச்சி வயிறு வலிக்குதுன்னுச்சா?”

“பசி வலிடா, தம்பி.”

“இதுல முதல் வரியே அதுதாம்மா இருக்கு.”

தாய் அட்டையைப் படித்தார். பிறகு மகளிடம் போய், “கடைசியா எப்போ ஒன்னுக்குப் போன?” என்று கேட்டார். அவளுக்கு நினைவில்லை. அவளுடைய பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. வாசலில் மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டிருந்த தந்தை அதை அணைத்துவிட்டு, கார் சாவியை எடுக்க உள்ளே வந்தார்.

மருத்துவமனையில் அவளுக்கு அன்று காலையிலேயே நீர் ஏற்றத் தொடங்கினர். இரத்தம் கெட்டியாகத் தொடங்கியிருந்தது. ஆயினும் அழுத்தம் சரியவில்லை. இரண்டு நாள் ஊசிக்குத்தல்களுக்குப் பிறகு, ஒரு மாலையில் அவள் பசிக்கிறது என்றாள். மறுநாள் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கின. கைகால்களில் சிவப்புத் தடிப்பும், அதன் நடுவே தீவு தீவாக வெளிறிய புள்ளிகளும் தோன்றின. தாய் பதறிப்போய்த் தாதியை அழைத்தார். தாதி பார்த்துவிட்டுச் சிரித்தார். தேறிவரும் டிங்கி நோயாளிகள் பலருக்கு அப்படித்தான் அரிக்கும். 

அதே வேளையில் வீட்டில், பாட்டி கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டு பேரனுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மாமியார் காலத்து ஆட்டுக்கல். கவிழ்க்க முடியாத கனம்; தூக்கி எறிய மனமும் இல்லை. அவன் குழியிலிருந்த நீரை இறைத்து, உட்புறத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு, விளிம்புவரை மணலை நிரப்பினான். பாட்டி அதில் ஒரு கற்பூரவல்லிக் கிளையை ஊன்றிவைத்தார்.